பட்டியலில் விலையும் இருக்கட்டும்

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல் இலவசமாகவே கைக்கு வந்துவிடுகிறது. கல்லூரியில் காலெடுத்து வைத்ததும் அது நின்றுபோகிறது. அட்மிஷனுக்கு அலையும்போது ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் என்று கணக்குப் போடும் பெற்றோர் புத்தகத்துக்கென்று எதையும் ஒதுக்குவதில்லை. அதுவரை செலவாகவே இல்லாத ஒன்று அவர்கள் நினைவுக்கு எப்படி வரும்?

நான் பொருளியல் ஆசிரியர். முதல் வகுப்பில் பாடத்திட்டத்தின் கடைசியில் உள்ள நூற்பட்டியலை வாசிப்பேன். பிள்ளைகள் மரியாதையாக எழுதிக்கொள்வார்கள். சில நூல்களின் விலை, கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தின் இரண்டு மூன்று நாள் வருமானம். அடுத்த வாரம் மேசைகளின் மேல் இருப்பது கைடுதான். அதை வைத்துக்கொண்டு பாஸ் பண்ணிவிடலாம். ஓர் அறிஞர் தன் வாதத்தை எப்படிக் கட்டுகிறார், எங்கே தயங்குகிறார் என்பதை அதில் பார்க்க முடியாது. வசதியுள்ள பிள்ளை மூலநூலோடும் இல்லாத பிள்ளை கைடோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எங்கள் காலத்தில் சில வாசல்கள் திறந்திருந்தன. பிரிட்டிஷ் அரசின் மானியத்தில் ஈ.எல்.பி.எஸ். மலிவுப் பதிப்புகள் வந்தன. மாஸ்கோவின் மிர் பதிப்பகம் வெளியிட்ட கணித, இயற்பியல் நூல்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சில ரூபாய்க்குக் கிடைத்தன. சென்னைப் பிள்ளைகளுக்கு மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. 1991இல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது.

இன்றைய வாசல், கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை. அதைத் திருட்டு என்று கண்டிக்கும் ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் டெல்லி வழக்கைப் படிக்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை, ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த பகுதிகளை நகலெடுத்துப் பாடத் தொகுப்பாகக் கட்டிக் கொடுத்துவந்தது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். தொகுப்பில் இடம்பெற்ற நூல்களை எழுதியவர்களே பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள்; வழக்கைக் கைவிடச் சொல்லி அமர்த்தியா சென் கடிதம் எழுதினார். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த இருநீதிபதி அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன.

சந்தையில் விற்பதற்காக முழு நூலையும் அடித்துக் குவிக்க இந்தத் தீர்ப்பில் அனுமதி இல்லை. அது கூடவும் கூடாது. எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் வயிறு உண்டு. ஆனால் ஒரு பருவத்துக்குத் தேவையான இரண்டு அத்தியாயங்களுக்காக எண்ணூறு பக்க நூலை வாங்கச் சொல்வது நியாயமில்லை. அந்த அத்தியாயங்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்துக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. சட்டம் கொடுத்த இந்த இடத்தை நம் கல்லூரிகள் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பதே என் எண்ணம்.

இணைய வகுப்புகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். ஐஐடிகள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகள் இலவசம், தரமானவை. ஆனாலும் கேட்டு முடித்த விரிவுரை, திரும்பத் திரும்பப் புரட்டி அடிக்கோடிடும் பக்கத்துக்கு ஈடாகாது.

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை நூற்பட்டியல் தயாரிக்கும்போது ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் விலையையும் எழுதுங்கள். பழைய பதிப்பு போதுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நம் நூலகத்தில் ஒரு பிரதிகூட இல்லாத நூலைக் கட்டாயப் பாடமாக வைக்காதீர்கள்.