மூன்றாம் விதி

எஸ்பெராண்டோ சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் ஒரு விஷயத்தைத் தெரிந்தே தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். பெயரடைக்கு விகுதி சேர்க்காவிட்டால் ஒன்றும் குறையாது என்றேன். என் சோம்பலுக்கு நான் கண்டுபிடித்த நியாயம் அது.

எஸ்பெராண்டோ மொழியை உருவாக்கிய ஸாமென்ஹோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட முதல் நூலில் இலக்கணம் முழுவதும் 16 விதிகளில் அடங்கிவிடும். மூன்றாவது விதி பெயரடைக்கு உரியது. பெயரடை 'ஆ' என்று முடியும். பெயர்ச்சொல் பன்மையானால் அதுவும் பன்மையாகும், பெயர்ச்சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்றால் அதுவும் ஏற்கும். ருஜா டோமோ என்றால் சிவப்பு வீடு. வீடுகள் என்றால் ருஜாய் டோமோய், வீடுகளை என்றால் ருஜாய்ன் டோமோய்ன். 'நல்ல வீடு', 'நல்ல வீடுகளை' என்று பெயரடையைத் தொடாமலே பேசி வளர்ந்தவன் நான். இது வீண் சுமையாகப் பட்டது.

யாராவது கேட்டால் வரலாற்றைத் துணைக்கு அழைப்பேன். 1894இல் ஸாமென்ஹோஃபே இதை நீக்கலாம் என்று முன்மொழிந்தார், எஸ்பெராண்டோவைச் சீர்திருத்தி 1907இல் வந்த ஈடோ மொழி நீக்கியே விட்டது என்பேன். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த முன்மொழிவை அவருடைய இதழின் சந்தாதாரர்களே வாக்களித்துத் தள்ளினார்கள். அதை மட்டும் சொன்னதே இல்லை.

பெயரடையை முன்னால் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம் என்றும் கற்பித்தேன். அது சரி. ஆனால் அந்தச் சுதந்திரத்தைத் தாங்குவதே நான் விடச் சொன்ன விகுதிதான். 'மி ஃபார்பிஸ் லா டோமோன் ருஜான்' என்றால் சிவப்பு வீட்டுக்கு வண்ணம் அடித்தேன். கடைசி 'ன்' போய் 'ருஜா' என்று நின்றால், அடித்த வண்ணமே சிவப்பு. தமிழில் சொல் நிற்கும் இடம் செய்யும் வேலையை அங்கே ஓர் எழுத்து செய்கிறது.

என்னிடம் படித்த ஒரு பெண், தன் சிவப்பு வீட்டுக்கு வெள்ளை அடித்ததைப் பற்றி வெளிநாட்டுத் தோழிக்கு இப்படித்தான் 'ன்' இல்லாமல் எழுதினார். சிவப்பு அழகாக இருக்குமே என்று பதில் வந்தது. எங்கே பிழை என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியும். தெரிந்தும், கடிதத்தைப் படித்த தோழிக்குத்தான் புரியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். விகுதியை விட்டதைவிட இதுவே பெரிய குற்றம்.

என்னிடம் கற்றவர்கள் இதைப் படித்தால், நான் சொன்னதை விட்டுவிடுங்கள். மூன்றாம் விதியை முதலிலிருந்து படியுங்கள்; நீங்கள் கற்பிப்பவர்களுக்கும் அதையே சொல்லுங்கள்.