நெகிழும் கூடு

சிறியவற்றைக் கொண்டே இறைவன் பெரிய பாடங்களைப் புகட்டுகிறார். பறவைகள் அனைத்திலும் மிகச் சிறியதான தேனீ ரீங்காரப் பறவையைப் பற்றிப் படித்த நாள் முதல் இவ்வெண்ணம் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

இப்பறவை கியூபா நாட்டுக்கே உரியது. அங்குள்ள வெப்பமண்டலக் காடுகளில் வாழ்வது. நம் தோட்டங்களில் காணும் தேன்சிட்டு இதற்கு இனமன்று. ரீங்காரப் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும் மட்டுமே உண்டு. இதன் நீளம் 5 அல்லது 6 சென்டிமீட்டர்; எடை ஏறக்குறைய 2 கிராம். நம் ஒரு ரூபாய் நாணயம் இதனினும் கனமானது! அந்தரத்தில் நின்றபடியே மலர்களில் தேன் பருகும் ஆற்றலுடையது.

ஆயினும் என்னை வியக்கவைத்தது இதன் கூடே. ஆண்பறவை அப்பணியில் பங்கு கொள்வதில்லை. தாய்ப்பறவை மட்டுமே மரப்பட்டைத் துணுக்குகளையும் மரப்பாசியையும் சிலந்தி நூலால் பிணைத்து, ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு கிண்ணம் போன்ற கூட்டை அமைக்கிறது. அதில் பட்டாணி அளவில் இரண்டு முட்டைகள் இடும். குஞ்சுகள் வளர வளரக் கூடும் விரிந்து இடங்கொடுக்கும். இறுகப் பிணைத்த அந்தச் சிலந்தி நூலே நெகிழ்ந்தும் கொடுக்கிறது.

எம் பங்கில் கைம்பெண் ஒருவர் தையல் இயந்திரத்தை நம்பியே இரு பிள்ளைகளை வளர்த்தார். மூத்த மகள் செவிலியர் பயிற்சிக்காகத் தொலைவிலுள்ள ஊருக்குச் செல்ல விழைந்தாள். “அவள் போய்விட்டால் வீடு வெறிச்சோடிப் போகுமே, சாமி!” என்று கண்கலங்கினார் அத்தாய். நான் இக்கூட்டைப் பற்றிக் கூறினேன். மறுமொழி ஏதும் கூறாமல் எழுந்து சென்றார். மறுவாரம், விண்ணப்பத்துடன் இணைக்க மகளின் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டுமென்று வந்து நின்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது; அச்சம் இல்லை.

பன்னிரண்டு வயதில் இயேசு பாலன் எருசலேம் ஆலயத்தில் தங்கிவிட்டபோது, மரியன்னையும் சூசையப்பரும் துயரத்தோடு அவரைத் தேடினர். அவர் அளித்த விடை அவர்களுக்கு விளங்கவில்லை. எனினும் அன்னை அனைத்தையும் தம் உள்ளத்தில் பதித்து வைத்தார். விளங்காததற்கும் இடங்கொடுத்த தாயுள்ளம் அது.

பெற்றோரே, இல்லத்தில் கட்டுப்பாடு வேண்டும். நூல் இல்லாமல் கூடு இல்லை. ஆனால், வளரும் பிள்ளைக்கு நெகிழாத கூடு ஒன்று கிழியும், அன்றேல் குஞ்சை நசுக்கும். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி இறைவனிடம் ஒப்புக்கொடுங்கள். நம் கைக்கு எட்டாத தொலைவிலும் அவர்களைத் தாங்குகிறவர் அவரே.