ஏழு புள்ளி வித்தியாசம்

மூன்று மாதங்களாக என் மேசையின் ஓரத்தில் ஒரு ஸ்டீயரிங் வீல் கிடந்தது. கார்ப் பந்தயக் கணினி விளையாட்டுகளுக்கான பழைய வீல். பரிசாக வந்தது. வந்த நாள் முதல் அதை ஒருமுறைகூட நான் கணினியில் இணைக்கவில்லை.

ஹைதராபாத்தில் எங்கள் விடுதியில் 14 பேர் சேர்ந்து அசெட்டோ கோர்ஸாவில் ஒரு லீக் நடத்தினோம். எட்டு வெள்ளிக்கிழமைகள், எட்டுப் பந்தயங்கள். 2025இல் இணைய விளையாட்டுச் சட்டம் வந்தபின் பணம் திரட்டும் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு ஊர் திரும்பிய மூத்த ஆய்வாளர் ஒருவர் தம் வீலைப் பரிசாக விட்டுச் சென்றிருந்தார். விதிகளை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இலக்கணம் படித்தவனுக்கு விதி எழுதத் தெரியும் என்று எவரோ நம்பிவிட்டனர்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. ஃபார்முலா ஒன் 2010 முதல் கையாளும் 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என்ற பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஐந்து பந்தயங்களை வென்று முதலிடம் பெற்றவரிடம் ஏற்கெனவே நல்ல வீல் இருந்தது. பரிசை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்தவன் நான்: இருமுறை இரண்டாமிடம், மும்முறை மூன்றாமிடம், மும்முறை நான்காமிடம். ஆக 117 புள்ளிகள். எனக்கு அடுத்து வந்தவன் நெல்லையிலிருந்து வந்த முதுகலை முதலாண்டு மாணவன். மூன்று வெற்றிகள், ஒரு மூன்றாமிடம், இரண்டு ஐந்தாமிடங்கள். மீதி இரண்டு வாரங்களில் அவன் தங்கியிருந்த தளத்தில் வைஃபை அறுந்துபோனதால் சுழியம். மொத்தம் 110.

மறுநாள் மெஸ்ஸில் அவன் சொன்னான்: “தப்பா நினைக்காதீங்கண்ணா. நீங்க ஒரு ரேஸ்கூட ஜெயிக்கலையே?”

தப்பாக நினைக்க அதில் ஒன்றுமில்லை என்பதுதான் என் சிக்கல்.

2008இல் லூயிஸ் ஹாமில்டன் 98 புள்ளிகளுடன் உலகப் பட்டம் வென்றார். ஃபெலிப்பே மாஸாவுக்கு 97. ஆனால் வெற்றிகள் ஹாமில்டனுக்கு ஐந்து, மாஸாவுக்கு ஆறு. வெற்றிகளின் எண்ணிக்கையே பட்டத்தைத் தீர்மானிக்கும் என்று 2009இல் ஒரு விதி அறிவிக்கப்பட்டு, அணிகளின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அந்த இரண்டு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு மொழியியல் மாணவர்களுக்குப் பழக்கமானதே. ஆப்டிமாலிட்டி தியரியில் மேல்நிலைக் கட்டுப்பாடு ஒன்றைக் கீழ்நிலைக் கட்டுப்பாடுகள் எத்தனை திரண்டாலும் வெல்ல முடியாது. ஹார்மோனிக் கிராமரிலோ ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. சிறியவை கூடிப் பெரியதைச் சாய்த்துவிடலாம். ஒலிம்பிக் பதக்கப் பட்டியல் முதல் வகை. அகராதியில் முதலெழுத்து தீர்மானித்த பிறகு இரண்டாம் எழுத்துக்கு வேலையில்லாதது போல, தங்கம் தீர்மானித்துவிட்டால் வெள்ளிக்கு அங்கே குரலில்லை. என் பட்டியல் இரண்டாம் வகை. என்னுடைய மூன்றாம், நான்காம் இடங்களெல்லாம் கூட்டுச் சேர்ந்து அவனுடைய மூன்று வெற்றிகளைச் சாய்த்துவிட்டன.

மூன்றாவதாக ஒரு முறையும் உண்டு. 1988இல் 16 பந்தயங்களில் ஒவ்வொருவருக்கும் சிறந்த 11 மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. மொத்தப் புள்ளிகளில் அலெய்ன் ப்ராஸ்ட் 105, அயர்ட்டன் சென்னா 94. கணக்கில் வந்தவை ப்ராஸ்டுக்கு 87, சென்னாவுக்கு 90. பட்டம் சென்னாவுக்கு. இதை எங்கள் லீக்குக்குப் பொருத்தி, இரண்டு மோசமான முடிவுகளை நீக்கிப் பார்த்தேன். என் 117, 93 ஆகச் சுருங்கியது. அவனுடைய 110 அசையவில்லை, நீக்கியவை இரண்டும் சுழியங்கள் அல்லவா.

மூன்று முறைகளில் இரண்டு அவனுக்குச் சாதகம். எஞ்சிய ஒன்றைத்தான் நான் தேர்ந்தெடுத்திருந்தேன். முதல் பந்தயத்துக்கு முன்பே எழுதிய விதி. யார் எந்த இடத்தில் வருவார்கள் என்று அப்போது தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் எப்படி ஓட்டுவேன் என்பது எனக்குத் தெரியுமே! வேகம் போதாது, மோதமாட்டேன், பாதியில் விலகமாட்டேன். அப்படிப்பட்டவனின் கண்ணுக்கு எந்தப் பட்டியல் ‘இயல்பானதாக’த் தோன்றும்?

வீலை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குச் சென்றேன். “ரேஸ் முடிஞ்சப்புறம் ரூல மாத்தி எனக்குக் குடுத்தா அதுவும் நியாயமில்லண்ணா” என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

இரண்டாவது பருவத்துக்கான விதிகளை வேதியியல் ஆய்வு செய்யும் தோழி ஒருவர் எழுதுகிறார். அவர் ஓட்டுவதில்லை. எட்டில் சிறந்த ஆறு முடிவுகள் கணக்கில் வரும். மோதித் தகுதியிழந்த பந்தயத்தை மட்டும் நீக்க முடியாது, இல்லாவிட்டால் இரண்டு வாரம் இஷ்டத்துக்கு இடித்துத் தள்ளலாம். வென்றவரின் காரில் அடுத்த வாரம் எடை கூட்டலாமா என்பதில் விவாதம் இன்னும் முடியவில்லை. பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயங்களில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்ததுதான். ஆயினும் திறமைக்கு அபராதமா என்று என் தம்பியே முதலில் எதிர்க்கிறான்.

இவற்றையெல்லாம் கேட்டு முடித்தபின் தோழி ஒரு கேள்வி கேட்டார்: “பதினோராவதாக வந்தவருக்கு என்ன?” ஒன்றுமில்லை. 14 பேரில் பத்துப் பேருக்குத்தான் என் பட்டியலில் இடம். கடைசி நால்வரும் ஆறாவது வாரத்தோடு நின்றுவிட்டனர். நான் அதைப் பரீட்சைக் காலம் என்று எண்ணியிருந்தேன். நியாயத்தைப் பற்றி இத்தனை இரவுகள் கணக்குப் போட்டவனுக்கு அந்த நால்வரும் நினைவுக்கே வரவில்லை.

இனி 14ஆம் இடம்வரை புள்ளி உண்டு. வீல் பரிசுப் பொருளாக இருக்காது. வீல் இல்லாதவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி, பருவம் முழுவதற்கும் இரவலாகத் தரப்படும். நேற்றுக் குலுக்கினோம். சென்ற முறை 13ஆம் இடத்தில் இருந்தவரின் பெயர் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். மேசையோடு பிணைக்கும் திருகுகளில் ஒன்றை மட்டும் காணவில்லை. என் தாள்குவியலுக்குள் எங்கோதான் இருக்க வேண்டும்.