மேற்கே கறுக்கும்போது

அக்னி நட்சத்திரம் முடிந்தாலும் எங்கள் பக்கத்து வெயில் முடிவதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சம் 45 டிகிரி செல்சியஸ். அது வந்தது 2003 மே 31-இல், கத்திரி கழிந்த பிறகு.

காரணம் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, காய்ந்த நிலத்தின் மேல் ஓடி வருகிற காற்று அது. அது வலுத்திருக்கும் நாளில் கடற்காற்றால் உள்ளே நுழைய முடியாது. பழவேற்காட்டில் நண்பகலுக்கு முன்பே சிலுசிலுப்பது கும்மிடிப்பூண்டிக்குப் பிற்பகலில்தான் வரும், திருவள்ளூருக்கு மாலையாகிவிடும். கடலிலிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருத்தணிக்குச் சில நாள் வருவதே இல்லை. மாநிலத்தின் அதிக வெப்பப் பட்டியலில் அந்த ஊர் அடிக்கடி முதலில் நிற்பது இதனால்தான்.

*

மேகம் எந்த உயரத்தில் பிடிக்கும் என்பதைத் தரையில் நின்றே கணக்கிடலாம். காற்றில் உள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை ஒன்று உண்டு, பனிநிலை. டீக்கடையில் குளிர்ந்த சோடா பாட்டிலின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அந்தக் கண்ணாடியின் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். காற்றின் வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் எத்தனை டிகிரி இடைவெளியோ, அதை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பகுதி ஏறக்குறைய எத்தனை மீட்டரில் இருக்கும் என்பது தெரியும்.

திருத்தணியில் வெப்பம் 40, பனிநிலை 20 என்றால் 2,500 மீட்டர். அதே நேரம் பழவேற்காட்டில் 34-ம் 26-ம் என்றால் 1,000 மீட்டர்தான். ஒரே மாவட்டம், ஒரே பிற்பகல். கடலோரப் புழுக்கம் நம்மை வாட்டுகிறது. மேகத்துக்கு அதுதான் தீனி.

*

செய்தியில் ‘வெப்பச்சலனம் காரணமாக’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த வரிக்குள் நடப்பது பெரிது. கடற்காற்று குளிர்ந்தது, கனத்தது. சூடான மேல்காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. இரண்டும் சந்திக்கும் கோடு ஊத்துக்கோட்டை, பூண்டி ஏரிப் பக்கம் விழுந்தால் அங்கே மேகம் எழும்பும். நாகலாபுரம் மலைகளும் காற்றை ஏற்றிவிடும். ஏறும் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. நீர்த்துளி திரளத் தொடங்கியதும் உள்ளிருந்த வெப்பம் வெளிப்பட்டு மேகத்தை இன்னும் மேலே தூக்குகிறது. ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் உறைநிலை. அங்கே பனித்துகளும் சிறு ஆலங்கட்டியும் மோதி மின்னேற்றம் பிரிகிறது. உச்சி 15 கிலோமீட்டருக்கும் மேலே போகலாம்.

அந்த உயரத்தில், பருவமழைக் காலத்தில், காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. 1958-இல் பி. கோட்டீஸ்வரம் என்னும் நம் நாட்டு வானிலை அறிஞர் இந்தக் கீழைத் தாரைக்காற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அதனால் மேகத்தின் தலை மேற்கே சாய்கிறது; இடிமழையோ மேல்காற்றோடு கிழக்கே, நம்மை நோக்கி வருகிறது. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே மேற்கே கறுத்துவிடும்.

*

2023 ஜூன் மறக்காது. அரபிக்கடலில் பிபர்ஜாய் புயல். கேரளத்துக்குப் பருவமழை 8-ஆம் தேதிதான் வந்தது. வெயிலுக்காகப் பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்தார்கள். 19-ஆம் தேதி காலை வரை மீனம்பாக்கத்தில் சுமார் 16 செ.மீ. மழை. திருவள்ளூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு மறுபடி விடுமுறை, இந்த முறை மழைக்காக.

*

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் எனக்கு ஒரு கேள்வி எழும்: ரோலிங் மில், ஃபர்னஸ் புகை மழையைக் கூட்டுமா, குறைக்குமா? துகள் இல்லாமல் மேகத்துளி பிடிக்காது. கடல் உப்பு, தூசி, புகை, எதுவாயினும் சரி. ஆனால் துகள் மிகுந்தால் அதே ஈரத்தை ஏராளமான துளிகள் பங்கு போட்டுக்கொள்ளும், துளி சிறுத்துப்போகும். ஒரு மழைத்துளிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்துளிகள் சேரவேண்டும். சிறுத்தவை எளிதில் சேர்வதில்லை. 2000-இல் டேனியல் ரோசன்ஃபெல்ட் என்னும் மேக ஆய்வாளர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, தொழிற்சாலைப் புகை படர்ந்த மேகங்கள் மழை தராமல் போவதைக் காட்டினார். உயரமான இடிமேகத்தில் இது தலைகீழாகவும் ஆகலாம்: மழை தாமதித்து, பிறகு மூர்க்கமாகக் கொட்டும்.

(மேகங்களுக்கு இன்றும் வழங்கும் பெயர்களை 1802-இல் முன்வைத்த லூக் ஹோவர்ட், லண்டனில் ரசாயனத் தொழிற்சாலை நடத்தியவர். புகைக்கு நடுவிலும் அண்ணாந்து பார்த்த மனிதர். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.)

*

மழைக்கு முந்திய அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்குக் கவலை. மேகத்துக்குள்ளிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதிப் புழுதியோடு முன்னால் பாய்ந்து வரும். எல்லோருக்கும் அது ஆறுதல். ஷெட் கூரைமேல் தகரம் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு அது ஆபத்து. மின்னல் மழை பெய்யும் இடத்தில்தான் விழும் என்பதில்லை. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் விழும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலும் சென்னைத் துறைமுகத்திலும் டாப்ளர் ரேடார் இருக்கிறது. கைப்பேசியில் ‘தாமினி’ செயலி மின்னலைக் காட்டுகிறது. மேற்பார்வையாளர்களே, அதைப் பாருங்கள். இடி காதில் விழுந்ததுமே கூரையிலும் கிரேனிலும் வயலிலும் இருப்பவர்களைக் கீழே, உள்ளே வரச் சொல்லுங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்து வேலையைத் தொடருங்கள். ஒப்பந்தத் தொழிலாளி தானாக இறங்கிவர மாட்டார், கூலி போய்விடுமோ என்று பயப்படுவார். நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.