மேலதிக அறை

எங்கள் வீடு திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. மூன்று அறைகள், ஒரு விறாந்தை, பின்னால் குசினி, கிணறு. 1995 ஒக்ரோபர் கடைசியில் சனமெல்லாம் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கதவுகள் இல்லை, கூரையில் பாதி இல்லை. கடன்பட்டுத் திருத்தினோம்.

கிழக்குப் பக்க அறை என் மகனுடையது. 2007ஆம் ஆண்டு ஒரு பின்னேரம் சைக்கிளில் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. நான் எழுதிக் கொடுத்த முறைப்பாடுகளின் துண்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் அந்த அறையைக் கூட்டி, யன்னலைத் திறந்து காற்று விட்டு, பொழுதுபடப் பூட்டுவேன். 2010இல் அவனுடைய அப்பாவும் நோயில் இறந்த பிறகு, வீட்டில் நானும் மகளும்தான்.

எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். மட்டக்களப்பு, மன்னார், மலையகம் என்று பல இடத்துப் பிள்ளைகள். "அன்ரி, அறை இருக்குதா?" என்று படலையில் வந்து கேட்பார்கள். "இல்லை" என்றுதான் சொல்லி வந்தேன். தையல் காசில் மாதத்தை ஓட்டுவது கஷ்டமாக இருந்தாலும், அது எனக்குக் காலியான அறையாகத் தெரியவில்லை.

2013 சித்திரையில் லண்டனில் இருந்து அக்கா தொலைபேசி எடுத்தார். குரலே சரியில்லை.

"இஞ்சை அறையை எண்ணத் தொடங்கிட்டாங்களடி" என்றார்.

அக்கா 1999இல் அகதியாகப் போனவர். கணவர் இல்லை. முழங்கால் வருத்தத்தால் வேலைக்குப் போக முடியாது. இருப்பது கவுன்சில் வீடு, அதாவது உள்ளூராட்சி சபை குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடு. மூன்று படுக்கையறைகள். வாடகை கிழமைக்கு 110 பவுண். அதை அரசாங்கத்தின் வீட்டு உதவித்தொகை கட்டி வந்தது. முதல் வருடம் மகள் கல்யாணம் செய்து போய்விட்டாள். வீட்டில் அக்காவும் 17 வயது மகனும்.

அங்கே 2012இல் ஒரு சட்டம் நிறைவேற்றி, 2013 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அரச உதவியில் சமூக வீடுகளில் இருப்பவர்களுக்கு இத்தனை பேருக்கு இத்தனை அறை என்று கணக்கு. கணவன் மனைவிக்கு ஒன்று. 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்று. 16 வயதுக்குட்பட்ட இரண்டு ஆண் பிள்ளைகளோ இரண்டு பெண் பிள்ளைகளோ ஒரே அறையில். 10 வயதுக்குட்பட்டவர்கள் ஆணும் பெண்ணுமானாலும் ஒரே அறையில். அதற்கு மேல் ஒரு அறை இருந்தால், வாடகையில் 14 வீதத்துக்கு உதவி இல்லை. இரண்டு அல்லது கூட இருந்தால் 25 வீதத்துக்கு இல்லை. ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று அரசாங்கமே மதிப்பிட்டிருந்தது. சனங்கள் அதற்குப் 'படுக்கையறை வரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு ஒரு அறை மேலதிகம். கிழமைக்கு 15 பவுண் 40 சதம் தானே கட்ட வேண்டும். சின்ன வீட்டுக்கு மாறலாம் என்றால் சின்ன வீடு கிடைக்க வேண்டுமே. காத்திருப்போர் பட்டியல் நீளம். அக்கா ஹீற்றரை நிறுத்திவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார்.

அந்த அறையில் என்ன இருந்தது? சுவாமிப் படங்களும், எங்கள் அம்மாவின் படமும், மகள் வந்தால் படுக்க ஒரு கட்டிலும். "நாட்டை விட்டு ஓடி வந்து, பதினாலு வருஷத்துக்குப் பிறகு எனக்கெண்டு இருந்த ஒரே இடம். அதைக் கூடிப்போச்சு எண்டு சொல்லுகினம்" என்று அழுதார்.

ஒரு வருடத்துக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. இப்படிக் கஷ்டப்படுவோருக்கென்று கவுன்சிலிடம் ஒரு விசேட உதவித்தொகை இருந்தது. ஆனால் விண்ணப்பித்தால்தான் அதைப் பற்றி யோசிப்பார்கள். ஆங்கிலக் கடிதங்களை அக்கா வாசிக்கப் பயந்து லாச்சிக்குள் வைத்திருந்தார். கோயிலில் சந்தித்த ஒரு தமிழ்ப் பிள்ளை அவற்றை வாசித்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள். சில மாதங்களுக்கு உதவி வந்தது.

2016இல் மகனும் வேலைக்காக வேறு ஊர் போனான். மேலதிகம் இரண்டு அறையாயிற்று. கிழமைக்கு 27 பவுண் 50 சதம். அக்கா கவுன்சிலில் அனுமதி வாங்கி, படிக்க வந்த ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு அறையை வாடகைக்குக் கொடுத்தார். ஆள் இருக்கிற அறை என்பதால் அது மேலதிகக் கணக்கில் வரவில்லை.

அதைச் சொன்ன அன்றுதான் அக்கா என்னிடம் கேட்டார்: "எனக்கு ஆரோ கணக்குப் பார்த்து அறையைக் குறை எண்டு சொன்னாங்கள். உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா நீ மருந்து வாங்கக் காசில்லாமல் அறையைப் பூட்டி வைச்சிருக்கிறாய். பெடியன் வந்தால் இதைப் பார்த்துச் சந்தோசப்படுவானே?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு கிழமை கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை படலையில் மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று வந்து நின்றது. தகப்பன் இல்லாத பிள்ளை. அறையைத் திறந்து காட்டினேன்.

"இது ஆற்றை அறை அன்ரி?" என்று கேட்டாள்.

"என்ர மகன்ர அறை. அவன் வருமட்டும் நீர் இரும்" என்றேன்.

அவனுடைய புத்தகத் தட்டை மட்டும் அசைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான் விளக்குமாறோடு போனபோது அவள் கூட்டி முடித்து, யன்னலையும் திறந்து விட்டிருந்தாள். அவள் படிப்பு முடித்துப் போன பிறகும் ஒவ்வொரு பிள்ளையாக வருகிறார்கள். அறையைக் கொடுத்தால் மகனைக் கைவிட்டதாகிவிடும் என்று நான் பயந்திருந்தேன். அப்படி ஆகவில்லை. அந்த ரின்னும் தட்டும் அப்படியே இருக்கின்றன. என் தேடுதலும் நிற்கவில்லை.

சகோதரிகளே, அந்த நாட்டில் நடந்த இன்னொரு விஷயத்தையும் நாங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வன்முறை செய்த ஒருவனிடமிருந்து பாதுகாப்புப் பெற, ஒரு பெண்ணின் வீட்டில் பலப்படுத்திய ஒரு பாதுகாப்பு அறை அமைத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அவளும் மகனும் மட்டும் இருப்பதால் அவளுக்கும் 14 வீதம் வெட்டினார்கள். அவள் வழக்குப் போட்டாள். 2016இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் தோற்றாள். விடவில்லை. 2019 ஒக்ரோபரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அவளுக்குச் செய்தது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. 2021 ஒக்ரோபரிலிருந்து அப்படிப் பாதுகாப்பு அறை உள்ளவர்களுக்கு இந்த வெட்டு இல்லை. ஒரு பெண் விடாமல் கேட்டதால் விதி மாறியது.

எங்களிடம் படுக்கையறை வரி இல்லை. ஆனால் 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு விடயங்களைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு விதவைத் தங்கச்சி, வெளிநாட்டில் இருக்கும் தமையனின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு, பின் அறை ஒன்றில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். விபரம் எடுக்க வந்தவர்களிடம் "எங்கட வீடுதான், அஞ்சு அறை" என்று கௌரவத்துக்குச் சொல்லிவிட்டாள். முதல் பட்டியலில் பெயர் வரவில்லை. பிழை அவள் சொன்னதில்தான் இருந்தது. நானும் அவளும் இருந்து, வீடு யாருடையது, அவள் எந்த அறையில் இருக்கிறாள், வருமானம் என்ன என்று உள்ளதை எழுதி மேன்முறையீடு செய்தோம். பிறகு கிடைத்தது.

ஆகவே கடிதம் வந்தால் லாச்சிக்குள் வைக்காதீர்கள். விளங்காவிட்டால் தெரிந்த பிள்ளை ஒன்றிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். வீட்டைப் பற்றிக் கேட்டால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். மேன்முறையீட்டுத் திகதியைத் தவறவிடாதீர்கள். கொடுத்ததற்கெல்லாம் பிரதி வைத்திருங்கள்.

2024இல் அக்காவுக்கு 66 வயது. ஓய்வூதிய வயது வந்தவர்களுக்கு அந்த விதி பொருந்தாது. "அதே வீடு, அதே அறை. இப்ப ஒண்டும் கூட இல்லையாம்" என்று சிரித்தார். சுவாமி அறையில் விளக்கு வைத்துவிட்டுத்தான் தொலைபேசி எடுத்தாராம்.

இங்கே கிழக்குப் பக்க அறையில் இப்போது மன்னார்ப் பிள்ளை ஒன்று பரீட்சைக்குப் படிக்கிறது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் தெரிகிறது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போகிறேன்.