பிரிக்காத பெட்டி

மெக்ஸிகோ தேசத்துக் கடற்கரையில் மூன்று மாதம் தங்கப் போகிறேன் என்று எழுதியதும், சிநேகிதர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அங்கே என்ன செய்வீர்?" ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காகவே போகிறேன் என்றால் நம் ஊரில் யார் நம்புகிறார்கள்? "நாவல் எழுதப் போகிறேன்" என்று பதில் போட்டு வைத்தேன். அது பொய்.

விஷயம் இதுதான். 2018ம் வருஷம் நானும் என் அக்காவும் கனடாவில், எட்மன்டன் நகரத்தில் இருக்கும் என் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். பனி விழ ஆரம்பித்ததும் அக்காவுக்கு இழுப்பு வந்து விட்டது. அந்த ஊர்க் குளிர் சில நாள் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை இறங்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கனடாக்காரர்கள் பலர் குளிர்காலத்தில் தெற்கே கிளம்பி விடுகிறார்கள். பனிப் பறவைகள் என்றே அவர்களுக்குப் பெயர். "நீங்களும் பறந்துவிடுங்கள் அப்பா" என்று சொல்லி, மெலாக்கே என்ற சிற்றூரில் என் பெண் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். கனடா விசா இருந்ததால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டியிருக்கவில்லை. அதிகபட்சம் 180 நாள் தங்கலாம். எத்தனை நாள் என்று எழுதுவது விமான நிலையத்து அதிகாரியின் கையில். அவர் அக்காவின் வெள்ளை முடியைப் பார்த்துவிட்டு முழுசாகவே எழுதிக் கொடுத்தார்.

டிசம்பர் இரண்டாம் வாரம் போய்ச் சேர்ந்தோம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், வாசலில் தென்னை. காஸ் சிலிண்டர் தெருவில் கூவிக்கொண்டு வருகிறது. குடிக்கிற தண்ணீர் இருபது லிட்டர் ஜாடியில் வருகிறது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று பெண் மூன்று தரம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் இருந்து எல்லாம் பழக்கிவிட்டு ஊர் திரும்பினாள்.

நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள். எங்களுக்குக் கடல் என்றால் சூரியன் எழுகிற இடம். இங்கே அது கடலுக்குள் போய் விழுகிறது. பெலிக்கன் பறவைகள் அந்த வெளிச்சத்தில் கல்லைப் போல் நீரில் விழுந்து மீனோடு எழுகின்றன. முதல் நாள் மாலை அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் தலைகீழா இருக்குடா தம்பி" என்றாள். சுவரில் ஒரு பல்லி சொல்லிற்று. எந்தத் திசை என்று பார்த்தவள், "இந்த ஊர்ப் பல்லிக்கு நம்ம சாஸ்திரம் செல்லுமா?" என்று கேட்டாள். பின்னால் தெரிந்து கொண்டேன், அந்தப் பல்லி ஆசியாவிலிருந்து சரக்கோடு சரக்காய் வந்து குடியேறிய ஜாதியாம். "அப்போ செல்லும்" என்று தீர்ப்பாயிற்று.

பல்லி மட்டுமல்ல. மெலாக்கேயை அடுத்த பார்ரா தெ நாவிதாத் கரையிலிருந்துதான் 1564 நவம்பரில் லெகாஸ்பியின் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கிளம்பின. அடுத்த வருஷம் உர்தானெத்தா என்கிற பாதிரியார் திரும்பி வரும் வழியைக் கண்டுபிடித்தார். அப்புறம் 1815 வரை மணிலாக் கப்பல்கள் போவதும் வருவதுமாக இருந்தன. அவற்றில் வந்த மாலுமிகள் தென்னங்கள் இறக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றும் பக்கத்துக் கொலீமாவில் அது தூபா என்ற பெயரில், வேர்க்கடலை தூவி, தெருவில் விற்கிறது. மிளகாய் இங்கிருந்து நமக்கு வந்தது. மாங்காயும் புளியும் நம் பக்கத்திலிருந்து இங்கே வந்தன. சந்தைக்குப் போன அக்கா புளியையும் கொத்தமல்லியையும் சீரகத்தையும் கண்டதும் முகம் மலர்ந்தாள். கறிவேப்பிலைதான் இல்லை.

அடுப்பு அவள் வசமாகி விட்டது. ஆனால் பெட்டி மட்டும் பிரியவில்லை. காலையில் ஒரு புடவையை எடுப்பாள், பூட்டுவாள், கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். அறையில் ஆளுயர அலமாரி ஒன்று காலியாக நின்றது.

"ஏன் அக்கா, எடுத்து அடுக்கி வையேன்."

"எதுக்குடா? கிளம்பறப்போ மறுபடி அடுக்கணும்."

டிசம்பர் 16 இரவு வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது. நம் ஊரில் மார்கழி பிறக்கிற நாள். பஜனைக் கோஷ்டியோ என்று ஒரு கணம் மயங்கிப் போனேன். அங்கே அன்று முதல் ஒன்பது இரவு போசாதா என்று ஒரு சடங்கு. கையில் மெழுகுவத்தியோடு கூட்டமாக வந்து, சூசையும் மரியாளும் தங்க இடம் கேட்டது போல் பாடுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் இடமில்லை, போ என்று பதில் பாடுகிறார்கள். பல தரம் கேட்டு, பல தரம் மறுத்து, கடைசியில் கதவு திறக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் அக்கா கையிலும் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்து நிறுத்திவிட்டாள். திரும்பி வரும்போது அக்கா அர்த்தம் கேட்டாள். சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள்.

"உள்ளே விட்டப்புறம் எத்தனை நாள் வெச்சுக்கிட்டாங்களாம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

அக்காவுக்கு முப்பத்தொன்றாவது வயதில் புருஷன் போய்விட்டார். அது 1979. மாமியார் வீடு, பெரியண்ணன் வீடு என்று இருந்துவிட்டு, 1994ல் ஒரு பச்சை டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பெட்டி அவள் கட்டிலுக்கு அடியில் இருபத்துநாலு வருஷமாக இருக்கிறது. என் வீட்டில் அலமாரி இல்லாமலில்லை. என் மனைவி இருந்த நாளில் அவளுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, என் புத்தகங்களுக்கு மூன்று. விதவையின் துயரத்தைப் பற்றி நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். நன்றாக இருக்கிறதென்று பலர் சொன்னார்கள். அதை எழுதிய மேஜைக்கும் அந்தப் பெட்டிக்கும் பத்தடி தூரம் இருக்கும்.

பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஸ்பானிய பாஷை தவிர வேறு தெரியாது. அக்காவுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. தினம் இரண்டு மணி நேரம் பேசினார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் சோளத்தை வேகவைத்து, கிட்டத்தட்ட நம் அம்மி போன்ற கல்லில் அரைத்து, கையால் தட்டி, கல்லில் போட்டு எடுப்பதை அக்கா ஒரு வாரத்தில் கற்றுக் கொண்டாள். இருவரும் புயல் கதையும் சொல்லிக் கொண்டார்கள். 2015 அக்டோபரில் பட்ரீசியா புயல் கொஞ்சம் வடக்கே கரையேறியதை அந்த அம்மாள் கையை வீசிக் காட்ட, 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் எங்கள் ஓடுகள் பறந்ததை அக்கா கையை வீசிக் காட்டினாள். மொழிபெயர்க்கப் போன என்னை இரண்டு பேருமே லட்சியம் செய்யவில்லை.

ஒருநாள் அவர்கள் சாமான்களுக்குப் பேர் சொல்லி விளையாடிக் கொண்டிருந்தார்கள். அக்கா, "மேசை" என்றாள். அந்த அம்மாள் "மேஸா!" என்று கை தட்டினாள். போர்ச்சுக்கீசியர் நமக்கு விட்டுப் போன சொல், அதன் உடன்பிறப்பு இங்கே. அக்கா உற்சாகமாக "அலமாரி" என்றாள். "அர்மாரியோ!" என்றாள் அந்த அம்மாள். (அந்த ஊரில் ரொபேரோ என்பதுதான் புழக்கம், இதுவும் புரியும்.) சொன்னதோடு நிற்காமல் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அக்காவைப் பார்த்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் பெட்டியை இழுத்து நடு அறையில் வைத்துவிட்டு, சாவிக்குக் கை நீட்டினாள்.

நான் சொன்னால் மறுக்கிற அக்கா சாவியைக் கொடுத்துவிட்டாள். ஏழு புடவை, ஒரு கம்பளி, பெருங்காயப் பொட்டலம், அத்தானின் போட்டோ. எல்லாவற்றையும் அந்த அம்மாளே அடுக்கினாள். போட்டோவை மட்டும் எங்கே வைக்கலாம் என்று கண்ணால் கேட்டாள். அக்கா மேல்தட்டைக் காட்டினாள்.

ஜனவரி, பிப்ரவரி போனதே தெரியவில்லை. இழுப்பு நின்றது. நான் இரண்டு அத்தியாயம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மார்ச்சு 17, ஸான் பத்ரீஸியோ திருவிழா வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு மறுநாள் மூட்டை கட்டினோம். அலமாரியைக் காலி செய்து கொண்டே அக்கா முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்:

"தம்பி, ஊருக்குப் போனதும் உன் புத்தக அலமாரியிலே கீழ்த்தட்டு ஒண்ணு எனக்குக் கிடைக்குமா? உனக்குச் சிரமமில்லேன்னா."

ஓர் அலமாரி முழுவதையும் காலி செய்து கொடுத்தேன். அதிலிருந்த புத்தகங்களில் பாதியை இனாமாகக் கொடுத்தாயிற்று. மீதிப் பாதி இப்போது என் கட்டிலுக்கு அடியில், பச்சை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.