அரை மாத்திரை

‘ஸ்ட்ரைக்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதி, “எத்தனை தட்டு?” என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஐந்து முறை கை தட்டியது. ஸு-தொ-ர-இ-கு. பேஸ்பால் பைத்தியம் பிடித்த பிள்ளைகள். துளி சந்தேகமில்லாத ஐந்து தட்டு. “ஆங்கிலத்தில் ஒன்றுதான்” என்று நான் ஒரே முறை தட்டிக் காட்டினேன். “ஏஏஏ?” என்று வகுப்பே இழுத்தது. அதற்குள் முடிந்துவிட்டதா என்ற கேள்வி அத்தனை முகங்களிலும் இருந்தது.

நான் சிங்கப்பூர்த் தமிழச்சி. ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் துணை ஆங்கில ஆசிரியையாகப் போய், ஷிமானே மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் இரண்டு வருடம் இருந்தேன். 2020 முதல் அங்கே ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் போடும் பாடம்; ஆண்டுக்கு 70 பாடவேளை. மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குப் பாட்டும் விளையாட்டுமாக 35. பாடத்தை நடத்துபவர் வகுப்பாசிரியர். உச்சரிப்புக்கு நான். சொல்லின் பின்னால் ஆடும் வாலை நறுக்குவதற்காகவே விமானம் ஏறி வந்தவள் என்றும் சொல்லலாம்.

அந்த வால் எங்கிருந்து வருகிறது என்பது ஜப்பானியரின் கதகானா எழுத்தைக் கற்றபோது புரிந்தது. அடிப்படை எழுத்துகள் 46. அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந என்று வரிசை போகும். சமஸ்கிருத எழுத்தைப் பயின்ற பௌத்த துறவிகள் வழியாக வந்த அடுக்கு அது. தமிழ் அரிச்சுவடி படித்த கண்ணுக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும். ஒரு வித்தியாசம்: அங்கே புள்ளி கிடையாது. நமக்கு மெய்யை நிறுத்தப் புள்ளி இருக்கிறது. அவர்களுக்கு ஒரு மூக்கொலியைத் தவிர எல்லா எழுத்தும் உயிரில்தான் முடியும். ஆகவே ‘மில்க்’ அங்கே மிருகு, ‘டெஸ்க்’ டெஸுகு.

பிள்ளைகள் இதைத் தவறு என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து வகுப்பில் வாய் திறப்பது குறைந்தது. தப்பாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்று பத்து வயதுக்குள் முடிவு கட்டியிருந்தார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் ஒரு பருவம் முழுக்க என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

அவன் பேசியது கூட்டித் துடைக்கும் நேரத்தில். மதியம் வெள்ளை மேலங்கியும் தொப்பியுமாகப் பிள்ளைகளே சாப்பாடு பரிமாறி, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டு, பால் டப்பாவை மடக்கி வைத்த பிறகு, பள்ளியைச் சுத்தம் செய்வதும் அவர்களேதான். மேசைகளைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தோம். என்னோடு சேர்ந்து தள்ளியவன், மூச்சு வாங்க, “டெஸுகு, ஹெபீ” என்றான். கனமாம். ஹெபி என்று குறுக்கினால் ஜப்பானியத்தில் பாம்பு. பக்கத்திலிருந்த சிறுமி, மேசைக்கடியில் பாம்பைக் கண்டவள் போலக் குதித்து நடித்தாள். மூவரும் சிரித்தோம். அவனைத் திருத்த என் நாக்கு எழுந்தது. எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது. காதில் வேறொரு குரல்.

என் பாட்டிக்கும் டெஸ்க்கு, மார்க்கெட்டு, பஸ்ஸுதான். எனக்குப் பத்து வயதிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் என் பள்ளித் தோழி பக்கத்தில் நிற்க, “பஸ்ஸு இல்ல பாட்டி, பஸ்” என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது. பாட்டிக்கு இல்லை. “சரிடி, பஸ்ஸு வருது, ஏறு” என்றார்.

பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் வல்லின மெய்யில் முடியும் சொல்லைத் தமிழ் நாக்கு தாங்காது, கடைசியில் ஓர் உகரத்தை முட்டுக் கொடுக்கும் என்பதை அவர் வாய் அறிந்திருந்தது. குற்றியலுகரம் என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அரை மாத்திரையாய்க் குறுகும் உகரம், அதற்கு உறவு அது. மேசை தள்ளிய மறுநாள் வகுப்பில் எனக்கொரு வழி பிறந்தது. ஜப்பானியத்திலும் உகரம் குறுகும். எழுதுவது ‘தெஸு’, ‘மஸு’. பேசும்போது கடைசி உகரம் தொண்டையிலேயே தங்கிவிடும். “நீங்கள் ‘தெஸு’ சொல்லும்போது உகரத்தை எங்கே ஒளித்து வைக்கிறீர்கள்? டெஸுகுவிலும் அங்கேயே ஒளித்து வையுங்கள்” என்றேன். ஒளித்தார்கள். கடைசி வரிசையும் ஒளித்தது. உங்கள் வாய் தப்பு என்று சொல்லாமலே வேலை முடிந்தது.

அதே ஷிமானேயின் மாட்சுயே நகருக்கு 1890-இல் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் லஃப்காடியோ ஹெர்ன். அகழிக் கரையில் அவர் குடியிருந்த வீட்டை இன்றும் பார்க்கலாம். ஊரார் வாயில் அவர் பெயர் ‘ஹெருன்’ ஆயிற்று. மெய்யிரண்டு மோதிய இடத்தில் ஓர் உகரம் நுழைந்துகொண்டது. உச்சரிப்புக்குச் சம்பளம் வாங்கிய மனிதர் அதைத் திருத்தவில்லை, விரும்பி ஏற்றுக்கொண்டார். மாட்சுயேக்காரர்களுக்கு அவர் இன்னும் ஹெருன்-சான்தான்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் அந்தப் பையன் கேட்டான், வீட்டில் நான் பேசுவது ஆங்கிலமா என்று. “தமிழ்” என்றேன். “தமிரு” என்றான். அவர்கள் அகராதியிலும் அப்படித்தான். ழகரத்துக்காக நாக்கை மடித்துக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு தானாகவே கை தட்டினான்: த-மி-ரு. மூன்று தட்டு.

இலக்கணப்படி தமிழ் என்பதற்கு மாத்திரை இரண்டரை. கூடுதலாக விழுந்த அந்த அரை மாத்திரையை நான் அவனிடமே விட்டுவிட்டு வந்தேன்.